நேரமே இல்லாத அம்மாக்கள் மூச்சைக் கவனிப்பது எப்படி

மூச்சுப் பயிற்சி பற்றி யார் சொல்ல ஆரம்பித்தாலும் முதல் வரி "அமைதியான ஓர் இடத்தில் வசதியாக உட்காருங்கள்" என்றுதான் இருக்கும். அந்த வரியிலேயே நம்மில் பாதிப் பேர் கழன்றுகொள்வோம். வீட்டில் அப்படி ஓர் இடமும் அங்கே போய் உட்கார நேரமும் இருந்தால் இந்தப் பயிற்சியைத் தேடியே வந்திருக்க மாட்டோம், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாலும் கதவைத் தட்ட ஒரு குட்டிக் கை வந்துவிடுகிற வாழ்க்கை இது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் நின்றுகொண்டே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, வேலைக்கு நடுவில் செய்யக்கூடியவை. தனியாக நேரம் கிடைத்தால் சந்தோஷம், ஆனால் அது கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். "நல்லா ஆழமா மூச்சை இழு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதற்றமாக இருக்கும்போது மூச்சை இழுப்பதில் நமக்குக் குறையே இல்லை, விடுவதில்தான் குறை. பாதி விட்டதுமே அடுத்ததை இழுத்துவிடுகிறோம். எனவே இந்த முறைகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: வெளியே விடும் மூச்சு, உள்ளே இழுக்கும் மூச்சை விட நீளமாக இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால், மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாகக் கூடுகிறது, விடும்போது லேசாகக் குறைகிறது. இது எல்லோருக்கும் எப்போதும் நடந்துகொண்டே இருப்பது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், சிலருக்கு விரலிலேயே அந்த வித்தியாசம் தெரியும். மூளையிலிருந்து கிளம்பி கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை போகிற வேகஸ் நரம்புதான் இதில் பெரும் வேலை செய்கிறது, மூச்சை விடும் நேரத்தில் அதன் பிடி இதயத்தின் மேல் கூடுகிறது. இதயத்திடம் "கொஞ்சம் மெதுவாகத் துடி" என்று நேரடியாகச் சொன்னால் கேட்காது. செரிமானமும் கேட்காது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும், அதனால்தான் அதன் வழியாக உள்ளே போகிறோம்.

இப்போது எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்று பாருங்கள்

இதைப் படிக்கும் இந்த நொடியில் எதையும் மாற்றாமல் சும்மா கவனியுங்கள். தோள் காது பக்கம் ஏறியிருக்கிறதா? மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று அழுத்துகின்றனவா? வயிறு உள்ளே இழுத்துப் பிடித்தபடி இருக்கிறதா? பெரும்பாலும் மூன்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். மூச்சையே பிடித்து வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. முன்பு ஆப்பிளிலும் மைக்ரோசாஃப்டிலும் வேலை பார்த்த லிண்டா ஸ்டோன், மெயில் பார்க்கும்போது தான் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கவனித்துவிட்டு, மற்றவர்களையும் பார்த்து, அதற்கு ஒரு பெயரே வைத்தார். மெயிலுக்கே இப்படி என்றால், ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் போனுமாக பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் நூறு செய்திகளைப் படிக்கும்போது என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கையை நெஞ்சிலும் இன்னொன்றைத் தொப்புளுக்குச் சற்று மேலேயும் வையுங்கள். இயல்பாக மூச்சு விடும்போது கீழே இருக்கும் கைதான் அதிகம் அசைய வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும்போது நுரையீரலுக்கு இடம் கிடைக்கிறது, வயிறு கொஞ்சம் முன்னால் வருகிறது. மேல் கை மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் கழுத்துத் தசையும் தோள் தசையும் சேர்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சாயங்காலம் ஆனால் கழுத்து பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வயிற்றை உள்ளே இழுத்தே பழகியவர்களுக்கு அதைத் தளர்த்துவது ஆரம்பத்தில் விசித்திரமாக இருக்கும். இடுப்பில் இறுக்கமான துணி இருந்தால் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் செய்யுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, பார்த்தாலும் பரவாயில்லை.

அடிப்படை முறை

முதலில் விடுங்கள். இழுப்பதிலிருந்து ஆரம்பிக்காமல், உள்ளே இருப்பதை மெதுவாக வெளியே விட்டுவிட்டு ஆரம்பித்தால் அடுத்த மூச்சு தானாகவே வயிறு வரை இறங்கும். அப்புறம் மூக்கு வழியாக மனதுக்குள் நாலு எண்ணும் வரை இழுக்கவும், ஆறு எண்ணும் வரை விடவும். விடுவது மூக்கு வழியாகவும் இருக்கலாம், உதட்டைக் குவித்து சூடான ஒன்றை ஆற்றுவது போல ஊதியும் விடலாம், எது சுலபமோ அது. நுரையீரல் முழுக்க நிரப்ப வேண்டும் என்ற அவசியமே இல்லை, வழக்கமான அளவு காற்று போதும், வேகம் குறைந்தால் சரி. நாலும் ஆறும் சேர்த்துப் பத்து நொடி, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள், அதை ஆறு பக்கம் கொண்டு வரும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மூச்சோடு ஒரே தாளத்தில் ஏறி இறங்கத் தொடங்குகின்றன. நாலு, ஆறு என்பது வேத வாக்கு ஒன்றும் இல்லை. மூச்சு முட்டினால் மூன்று, ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுவதே எரிச்சலாக இருக்கிறது என்றால் எண்ணாதீர்கள், இழுத்ததை விட விடுவது நீளமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, இதில் கவனம் எங்கே வருகிறது? மூச்சு விடும்போது ஏதாவது ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூக்கு நுனியில் உள்ளே போகும் காற்று கொஞ்சம் குளிர்ச்சியாகவும் வெளியே வரும் காற்று கொஞ்சம் சூடாகவும் இருக்கும், அதைக் கவனிக்கலாம். அல்லது வயிறு எழுவதையும் அடங்குவதையும் கவனிக்கலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது இடம், மூச்சு முழுக்க வெளியே போன பிறகு அடுத்தது ஆரம்பிக்கும் வரை வருகிற சின்ன இடைவெளி. அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை, நாள் முழுக்கத் தேடினாலும் அப்படி ஓர் இடம் நமக்கு வேறெங்கும் கிடைக்காது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டாவது மூச்சிலேயே மனம் நாளைய வேலைக்கும் துவைக்காமல் கிடக்கும் சீருடைக்கும் ஓடிவிடும். ஓடட்டும். ஓடியது தெரிந்த உடனே திரும்ப மூச்சுக்கு வந்தால் போதும். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே, ஓடாமல் இருக்கிற மனம் யாருக்கும் கிடையாது.

எதனோடு கோர்ப்பது

தினமும் காலையில் பத்து நிமிடம் என்று திட்டம் போட்டால் முதல் காய்ச்சலிலேயே அது உடைந்துவிடும். அதற்குப் பதில், எப்படியும் செய்துதான் ஆக வேண்டிய ஒரு வேலையோடு மூச்சைக் கோர்த்துவிடுங்கள். கை கழுவுவது நல்ல இடம். சோப்புப் போட்டுக் குறைந்தது 20 நொடி தேய்க்கச் சொல்கிறார்கள், நாலு-ஆறு கணக்கில் அது சரியாக இரண்டு மூச்சு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள், அத்தனை தடவையும் இரண்டு மூச்சு என்றால் தனியாக உட்கார்ந்து செய்பவர்களை விட நாம் அதிகமாகவே செய்துவிடுவோம்.

வேலையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கதவுக்கு வெளியே மூன்று மூச்சு, இதுவும் நன்றாக வேலை செய்யும். உள்ளே போனதும் ஐந்து கேள்விகள் ஒரே நேரத்தில் வரும் என்று தெரியும்தானே. போன் அடித்தால் முதல் மணியில் எடுக்காமல் ஒரு மூச்சு விட்டு எடுப்பது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது, லிப்ட் வரும் வரை, லேப்டாப் திறக்கும் வரை, பள்ளி வாசலில் மணி அடிக்கும் வரை. இதில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் செய்கிறேன் என்று கிளம்பினால் இதுவும் இன்னொரு வேலைப் பட்டியலாகிவிடும், நமக்கு ஏற்கெனவே இருக்கிற பட்டியல் போதாதா? ஒன்று யோசிக்காமலே நடக்க ஆரம்பித்த பிறகு இரண்டாவதைச் சேர்க்கலாம். அந்த ஒன்று மறந்துபோனால் குழாயின் மேல் ஒரு சின்னப் பொட்டோ ஸ்டிக்கரோ ஒட்டிவையுங்கள், கொஞ்ச நாளைக்கு அது கண்ணில் படும்.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. பதற்றமாக இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும், பால் இறங்கவில்லை என்று குழந்தை அழும், அதைப் பார்த்து இன்னும் பதற்றம் கூடும். குழந்தை வாய் வைத்தவுடன் தோளை இறக்கி, நாலைந்து நீளமான மூச்சு விட்டுவிட்டு அப்புறம் போனைக் கையில் எடுங்கள். குழந்தையின் மூச்சோடு உங்கள் மூச்சைச் சேர்க்க வேண்டாம். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும், அந்த வேகத்துக்குப் போனால் உங்களுக்குத் தலை சுற்றும். ராத்திரி நேரத்தில் இப்படி உட்கார்ந்து செய்யும்போது தூக்கம் சொக்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். சோபாவிலோ நாற்காலியிலோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்வது ஆபத்து.

கத்தப் போகும் அந்த நொடியில்

இதற்காகத்தான் பலர் மூச்சுப் பயிற்சியையே தேடி வருகிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் எதுவும் ஞாபகத்துக்கு வராது. "கோபம் வந்தால் மூச்சைக் கவனி" என்று சொல்வது சுலபம், கோபம் வந்தது தெரிவதற்குள் பாதி வாக்கியம் கத்தி முடித்திருப்போம். ஆனால் உடம்பு ஒரு துப்புக் கொடுக்கிறது. சத்தமாகக் கத்த வேண்டும் என்றால் நெஞ்சில் காற்று வேண்டும், அதனால் கத்துவதற்குச் சற்று முன்பு ஒரு பெரிய மூச்சை விருட்டென்று உள்ளே இழுப்போம். அந்த இழுப்பைப் பிடிக்கப் பழகுங்கள். இழுத்த மூச்சை ஒன்றும் செய்ய முடியாது, அது உள்ளே வந்துவிட்டது. அதைச் சத்தமாக விடாமல் காற்றாக மட்டும், உதட்டைக் குவித்து நீளமாக விட்டால் போதும். பிறகு பேசலாம். பேசுவது கண்டிப்பாகவே இருக்கட்டும், தப்பு செய்த குழந்தையைக் கண்டிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, குரல் மட்டும் நம் கையில் இருக்கும். முதலில் கத்திய பிறகுதான் அந்த இழுப்பு ஞாபகம் வரும். அப்புறம் பாதி கத்தும்போது. முன்கூட்டியே பிடிபட நாளாகும்.

ஒரு மூச்சு போதாது என்கிற அளவுக்கு ஏறிவிட்டால் இரட்டை இழுப்பு இருக்கிறது. மூக்கு வழியாக ஒரு முறை நன்றாக இழுத்து, விடாமல் அதன் மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு, பிறகு வாய் வழியாக நீளமாக, முழுக்க வெளியே. அழுது முடித்த குழந்தை விசும்பும்போது பார்த்திருப்பீர்களே, அதே மாதிரிதான். உடம்புக்கு இது புதிது இல்லை, நமக்குத் தெரியாமலே சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு பெருமூச்சு விடுகிறோம், நுரையீரலில் சுருங்கிப் போன சின்னச் சின்னக் காற்றறைகளை அது திரும்ப விரிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வகை மூச்சுப் பயிற்சிகளையும் சும்மா மூச்சைக் கவனிக்கும் தியானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தினமும் 5 நிமிடம் என்று ஒரு மாதம் செய்ய வைத்துப் பார்த்து, 2023 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். மனநிலையை அதிகம் தேற்றியது இந்த இரட்டை இழுப்புப் பெருமூச்சுதான். அவசரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். என்ன, வீட்டில் இருப்பவர்கள் "எதுக்கு இப்படிப் பெருமூச்சு விடறே, என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். "பயிற்சி பண்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அல்லது என்ன ஆச்சு என்பதையே சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தை நிறுத்தாமல் அழுது, பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சலும் இல்லை, இன்னும் அழுகிறது, உங்கள் கை நடுங்க ஆரம்பிக்கிறது என்றால் மூச்சுக்கு முன்னால் வேறொன்று செய்ய வேண்டும். குழந்தையைத் தொட்டில் மாதிரி பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். சில நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, கோபத்தில் பிடித்துக் குலுக்கினால் உயிருக்கே ஆபத்து. அடுத்த அறையில் நின்று பத்து மூச்சு, முடிந்தால் யாருக்காவது ஒரு போன், அப்புறம் திரும்பி வாருங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் மறைத்துச் செய்ய வேண்டியதில்லை. "அம்மாவுக்குக் கோபமா வருது, மூணு மூச்சு விட்டுட்டுப் பேசறேன்" என்று வாய்விட்டே சொல்லலாம். அவர்கள் அடம் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கும்போது "மூச்சு விடு, மூச்சு விடு" என்று உத்தரவு போடுவதில் பயன் இல்லை, நமக்கே அப்போது யாராவது அப்படிச் சொன்னால் எரிச்சல்தான் வரும். சாதாரணமாக இருக்கும்போது விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்: ஒரு கையை விரித்து, இன்னொரு கையின் விரலால் ஓரமாக வரைந்துகொண்டே போவது, விரல் ஏறும்போது இழுப்பு, இறங்கும்போது விடுவது.

ராத்திரி மூன்று மணிக்கு

குழந்தை தூங்கிவிட்டது, நமக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த நேரத்துக்கு எல்லோரும் சொல்வது 4-7-8, அதாவது நாலு இழுத்து, ஏழு பிடித்து, எட்டு விடுவது. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ வைல் பிரபலமாக்கியது. சிலருக்கு நன்றாக ஒத்துவருகிறது, ஆனால் ஏழு எண்ணும் வரை மூச்சைப் பிடிப்பது எனக்கு நிம்மதியை விடப் பரீட்சை மாதிரிதான் இருக்கிறது. அதை விட எளிது, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வெளியே விடும் மூச்சை மட்டும் எண்ணுவது. ஒன்று முதல் பத்து வரை, திரும்ப ஒன்று. நடுவில் எண் தவறிப்போனால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். பத்து வரைக்கும் போகவே முடியாத ராத்திரிகளும் இருக்கும். மணி பார்க்காதீர்கள், அதிலும் போனில் பார்க்கவே பார்க்காதீர்கள்.

சரியாக வரவில்லை என்றால்

தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்து ஊசி குத்துவது போல இருந்தாலோ அதிகமாகக் காற்றை இழுக்கிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோவதால் வருவது இது. இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் சாதாரணமாக மூச்சு விட்டால் சரியாகிவிடும், அடுத்த முறை சின்னதாக இழுத்து மெதுவாக விடுங்கள். கொட்டாவி வந்தால் நல்லதுதான். மூக்கடைப்பு இருந்தால் வாய் வழியாகவே செய்யலாம்.

மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தாலே பயம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். பதற்றத் தாக்குதல் முன்பே வந்தவர்களுக்கு இது நடக்கலாம், மூச்சில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் "ஐயோ, திரும்ப வருதோ" என்று மனம் பதறும். வற்புறுத்திச் செய்ய வேண்டாம். மூச்சை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, பாதம் தரையில் எங்கெங்கே படுகிறது என்று கவனியுங்கள், அல்லது அறையில் கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கர்ப்பமாக இருப்பவர்கள், ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மூச்சைப் பிடித்து வைக்கும் வகைகள் எதையும் செய்ய வேண்டாம், இழுப்பதும் விடுவதும் மட்டும் போதும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தோ சாய்ந்து உட்கார்ந்தோ செய்யுங்கள். சிசேரியன் ஆன புதிதில் வயிற்று மூச்சு தையலில் இழுத்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், வலியோடு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுத்திணறல் வந்தால் இன்ஹேலர்தான் முதலில்.

இது எதைச் சரி செய்யாது

வீட்டு வேலை அத்தனையும் ஒருத்தர் தலையில் இருக்கிறது என்றால் மூச்சு அதை இறக்கி வைக்காது. "டென்ஷன் ஆகாதே, மூச்சுப் பயிற்சி பண்ணு" என்று சொல்லிவிட்டு சோபாவில் சாய்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்ட அனுமதி இல்லை. இரண்டு மூச்சு விட்டுவிட்டு, கத்தாமல், குறிப்பாகக் கேளுங்கள். "யாருமே உதவி பண்றதில்லை" என்பதற்குப் பதில் "இனிமேல் ராத்திரி பாத்திரம் உங்க பொறுப்பு" என்று. அதிலும் அவர் செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள், அந்தப் பத்து நிமிடம்தான் தனியாக உட்கார்ந்து மூச்சு விடக் கிடைக்கும் நேரம்.

பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான், தானாகவே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போனாலோ, எதிலும் ஒட்டாமல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள், குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகு வந்தாலும் அப்படித்தான். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சிகிச்சை நடக்கும்போதே இந்த நாலு-ஆறு மூச்சையும் கூடவே செய்துகொள்ளலாம், மருந்தைப் பாதிக்காது.